"மாசமா இருந்தப்ப என்ன சாப்பிட்டே?": குழந்தைப் புற்றுநோய் ஆய்வுகள் தடுமாறும் இடம்

1994இல் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்திலிருந்து ஓர் ஆய்வு வெளியானது. பதப்படுத்திய இறைச்சியை ரொட்டிக்குள் வைத்துத் தரும் ஹாட் டாக்கை மாதம் 12 அல்லது அதற்கு மேல் சாப்பிட்ட குழந்தைகளுக்கு லுக்கேமியா எனும் இரத்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 9.5 மடங்கு என்றது. அப்பா அந்த அளவு சாப்பிட்டிருந்தால் 11 மடங்கு. தலைப்புச் செய்திக்கென்றே அளவெடுத்துத் தைத்த எண்கள்.

அந்த எண்களுக்குப் பக்கத்தில் வேறு எண்களும் அச்சாகியிருந்தன. 95 சதவீத நம்பக இடைவெளி குழந்தைகளுக்கு 1.6 முதல் 57.6 வரை, அப்பாக்களுக்கு 1.2 முதல் 98.7 வரை. உண்மையான மடங்கு ஒன்றரையாகவும் இருக்கலாம், ஐம்பதைத் தாண்டியும் இருக்கலாம் என்று இதற்குப் பொருள். ஆய்வில் இருந்தவர்கள் நோயுற்ற 232 குழந்தைகளும் நோயில்லாத 232 குழந்தைகளும். மாதம் ஒரு டஜன் ஹாட் டாக் என்ற மேல்வகுப்பில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள் இருந்தால் இடைவெளி இப்படித்தான் வாயைப் பிளக்கும்.

கேட்ட கேள்வியில் குற்றமில்லை. இறைச்சியைப் பதப்படுத்தச் சேர்க்கும் சோடியம் நைட்ரைட் வயிற்றில் அமைன்களோடு சேர்ந்து என்-நைட்ரோசோ சேர்மங்களாக மாறும். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த எத்தில்நைட்ரோசோயூரியாவைச் சினை எலிகளுக்குக் கொடுத்தால் குட்டிகளுக்கு மூளையிலும் நரம்புகளிலும் கட்டி வரும். இது ஆய்வகங்களில் பலமுறை பார்த்தது. இந்த மாற்றத்தை வைட்டமின் சி தடுக்கும் என்பதால் ஆரஞ்சுப் பழத்தைப் பற்றியும் ஆய்வாளர்கள் கேட்டார்கள். பழத்தால் பாதுகாப்பு கிடைத்ததாக ஒன்றும் தெரியவில்லை. தரவில் சாய்வு இருக்கக்கூடும், மேலும் ஆராய வேண்டும் என்று அவர்களே எழுதி முடித்தார்கள். தலைப்புப் போடுகிறவர் அதுவரை படிப்பதில்லை.

நம் வீடுகளில் இதே விசாரணை வேறு தொனியில் நடக்கும். குழந்தைக்குப் புற்றுநோய் என்று தெரிந்த வாரத்திலேயே யாராவது ஒரு பெரியம்மா "மாசமா இருந்தப்ப என்னத்த தின்னே?" என்று கேட்டுவிடுவார். பப்பாளியா, அன்னாசியா, கிரகணத்தன்று வெளியே போனாயா? ஆய்வாளர் கேட்பதும் ஏறக்குறைய இதுதான். கையில் படிவம் இருக்கும், குரலில் மரியாதை இருக்கும். இருவரும் இடறுவது ஒரே கல்லில்: அந்தத் தாயின் ஞாபகம். இந்தத் துறையில் எந்த முடிவைப் பார்த்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, சாப்பிட்டதையோ சுவாசித்ததையோ யார், எப்போது எழுதி வைத்தார்கள் என்பதை.

ஞாபகத்தை நம்ப வேண்டிய நிலை ஏன் வருகிறது? நோயின் அரிதுதான் காரணம். குழந்தைப் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது ஏ.எல்.எல். எனும் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கேமியா. மேலை நாடுகளில் அதுவே 15 வயதுக்குள் சுமார் 2,000 பேரில் ஒருவருக்குத்தான் வருகிறது. ஒரு லட்சம் கர்ப்பிணிகளைப் பிடித்து, மாதாமாதம் உணவைக் குறித்து, 15 ஆண்டு காத்திருந்தால் கையில் கிடைப்பது 50 நோயாளிகள். நார்வேயும் டென்மார்க்கும் அந்த அளவிலான தாய்-சேய் தொடராய்வுகளை நடத்துகின்றன. அமெரிக்கா ஒரு லட்சம் குழந்தைகளுக்குத் திட்டமிட்ட தேசியக் குழந்தைகள் ஆய்வு, பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு 2014 டிசம்பரில் கைவிடப்பட்டது. தனி ஒரு நாட்டின் தொடராய்வு போதாது என்பதால்தான் பல நாட்டுக் குழுக்களின் தரவை ஒன்றாகச் சேர்க்கும் ஐ4சி கூட்டமைப்பு வந்தது.

காத்திருக்க முடியாதவர்கள் கேஸ்-கன்ட்ரோல் முறைக்குப் போகிறார்கள். புற்றுநோய்ப் பதிவேட்டிலிருந்து நோயுற்ற குழந்தைகளை எடுப்பது, ஒவ்வொருவருக்கும் அதே வயது, அதே பால், அதே வட்டாரத்தில் நோயில்லாத ஒரு குழந்தையைத் தேடுவது, இரு தாய்மார்களிடமும் ஒரே வினாத்தாளை நிரப்பி வாங்குவது, பிறகு கணக்கு. மலிவானது, வேகமானது. ஆனால் மூன்று இடங்களில் ஒழுகும்.

நோயுற்ற குழந்தையின் தாய் அந்த ஒன்பது மாதத்தையும் மனதுக்குள் நூறு தடவை ஓட்டிப் பார்த்திருப்பார். ஒப்பீட்டுக் குழந்தையின் தாய்க்கு அப்படி யோசிக்க அவசியமே வந்திருக்காது. "வாரத்துக்கு எத்தனை முறை பூச்சி மருந்து அடித்தீர்கள்" என்றால் முன்னவர் தேடி எடுத்துச் சொல்வார், பின்னவர் "ஞாபகமில்லைங்க" என்பார். எதைக் கேட்டாலும் நோய்ப் பக்கம் கூடுதலாகவே தெரியும். உணவில் இன்னொரு சிக்கலும் உண்டு: மசக்கையில் சோற்றைக் கண்டாலே ஓடும் பெண், ஏழாம் மாதம் வேறு மாதிரி சாப்பிடுவார். "வழக்கமாக எவ்வளவு" என்ற கட்டத்தில் அவர் எந்த மாதத்தை எழுதுவார்?

அடுத்தது, ஒப்பீட்டுக் குழுவில் சேரச் சம்மதிப்பவர்கள் யார் என்பது. முன்பின் தெரியாதவர் தொலைபேசியில் கேட்டால் ஒரு மணி நேரம் ஒதுக்கக் கூடியவர்கள் படித்த, வசதியான குடும்பத்தினர். 1991இல் தொடங்கிய பிரிட்டனின் பெரிய குழந்தைப் புற்றுநோய் ஆய்வு இந்தப் பிரச்சினையைத் தன் தரவிலேயே அளந்து காட்டியது. விளைவு என்ன? ஏழை வீடுகளில் அதிகமாக இருக்கும் எதுவும், அது மலிவான இறைச்சியோ சாலையோர வீடோ, புற்றுநோய்க்குக் காரணம் போலத் தெரியும்.

மூன்றாவது, காலம் தலைகீழாவது. நோய் கண்டுபிடிக்கப்படுவதற்குச் சில மாதங்கள் முன்பே குழந்தைக்குப் பசி குறையலாம், காய்ச்சல் அடிக்கடி வரலாம், மருந்து கூடலாம். அந்த மாதங்களைச் சேர்த்துக் கேட்டால் நோயின் விளைவு நோயின் காரணமாகப் பதிவாகிவிடும்.

ஞாபகம் சார்ந்த ஆய்வு எல்லாமே குப்பை என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. துறையின் முதல் பெரிய கண்டுபிடிப்பே தாய்மாரின் ஞாபகத்திலிருந்து வந்ததுதான். ஆக்ஸ்ஃபோர்டில் ஆலிஸ் ஸ்டூவர்ட், குழந்தைகளின் லுக்கேமியா மரணங்கள் இரண்டு முதல் நான்கு வயதில் குவிவதைக் கவனித்தார். அவ்வளவு சின்ன வயதில் குவிந்தால் காரணம் பிறப்புக்கு முன்பே இருக்கலாம் என்று யோசித்து, கார்பன் தாளில் பெருக்கிய வினாத்தாளை நாடெங்கும் உள்ள சுகாதார அதிகாரிகள் வழியாகத் தாய்மாரிடம் அனுப்பினார். செலவுக்குக் கிடைத்தது 1,000 பவுண்டு. தந்தது லேடி டாட்டா நினைவு நிதி. மெஹர்பாய் டாட்டா 1931இல் லுக்கேமியாவில் இறந்த பிறகு தொடங்கிய அறக்கட்டளை அது. 1956இல் லான்செட் இதழில் வந்த முதல் குறிப்பே போதுமானதாக இருந்தது: கர்ப்பத்தில் வயிற்றுப் பகுதியில் எக்ஸ்ரே எடுத்த தாய்மாரின் குழந்தைகளிடம் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

மருத்துவ உலகம் நம்பவில்லை. குழந்தையை இழந்த தாய்க்கு எக்ஸ்ரே ஞாபகம் இருக்கத்தானே செய்யும் என்றார்கள். நியாயமான ஆட்சேபம்தான். பதில் 1962இல் ஹார்வர்டின் பிரையன் மக்மஹோனிடமிருந்து வந்தது. அவர் தாய்மாரிடம் எதையும் கேட்கவில்லை. வடகிழக்கு அமெரிக்கப் பேறுகால மருத்துவமனைகளில் பிறந்த ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை எடுத்துக்கொண்டு, எக்ஸ்ரே விவரத்தை மருத்துவமனைக் கோப்புகளிலிருந்தே பார்த்தார். யாருக்கும் புற்றுநோய் வருவதற்கு முன்பே எழுதப்பட்ட கோப்புகள் அவை. கூடுதல் அபாயம் அங்கேயும் தெரிந்தது. அளவு மட்டும் சுமார் 40 சதவீதமாக இறங்கியது. இரண்டு மடங்குக்கும் 40 சதவீதத்துக்கும் இடையே உள்ள தூரத்தில் ஞாபகத்தின் பங்கும் கொஞ்சம் இருந்திருக்கும். கருவுக்குக் கிடைத்த கதிர்வீச்சு 10 மில்லிகிரே அளவுதான். இன்று கர்ப்பிணிக்கு அல்ட்ராசவுண்ட் எடுப்பதன் பின்னால் இந்த விவாதமும் இருக்கிறது.

சி.டி. ஸ்கேனுக்கும் இதே வழியில் விடை கிடைத்தது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் ஏறத்தாழ 9.5 லட்சம் பேரின் ஸ்கேன் பதிவுகளைப் புற்றுநோய்ப் பதிவேட்டோடு இணைத்த எபி-சிடி ஆய்வு 2023இல் வந்தது. வழக்கமான அளவு கதிர்வீச்சில் சி.டி. எடுத்த 10,000 குழந்தைகளில் அடுத்த 12 ஆண்டுகளில் கூடுதலாக ஒருவருக்கோ இருவருக்கோ இரத்தப் புற்றுநோய் வரலாம் என்கிறது அது. தலையில் பலமாக அடிபட்ட குழந்தைக்கு ஸ்கேன் வேண்டாம் என்று சொல்ல இது காரணமாகாது. "எதற்கும் ஒரு சி.டி. எடுத்துப் பார்த்துடலாம்" என்ற வழக்கத்தைக் கைவிட நல்ல காரணம்.

கோப்பைவிடத் துல்லியமான சாட்சி ஒன்று உண்டு: பிறந்த சில நாட்களில் குதிகாலைக் குத்தி, வடிதாளில் நாலைந்து துளியாக உலர்த்தி வைத்த இரத்தம். 1960களில் ராபர்ட் குத்ரி, ஃபினைல்கீட்டோன்யூரியா என்ற பிறவிக் கோளாறைக் கண்டுபிடிக்கக் கொண்டுவந்த அட்டை இது. சில நாடுகளில் சோதனை முடிந்த பிறகும் அட்டைகளைப் பத்திரப்படுத்துகிறார்கள். லண்டனில் மெல் கிரீவ்ஸ் குழு 1997 முதல் அவற்றைத் தேடிப் போனது. ஏ.எல்.எல். நோயாளிகளில் சுமார் நாலில் ஒருவரிடம் ஈ.டி.வி.6, ரன்எக்ஸ்1 என்ற இரு மரபணுக்கள் உடைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். உடைந்து ஒட்டிய இடம் ஒவ்வொரு குழந்தைக்கும் தனி; கைரேகை மாதிரி. நோய் தெரிந்தபோது எடுத்த செல்களில் அந்த இடத்தைப் படித்து, அந்த இடத்தில் மட்டும் ஒட்டும் டி.என்.ஏ. துண்டுகளை பி.சி.ஆர். சோதனைக்கெனச் செய்து, மூன்று நான்கு வருடம் பழைய அட்டையிலிருந்து சில மில்லிமீட்டர் வட்டத்தை வெட்டியெடுத்துத் தேடுவார்கள். பெரும்பாலான குழந்தைகளின் அட்டையில் அது கிடைத்தது. நோயின் முதல் அடி கருப்பையிலேயே விழுந்துவிட்டது.

ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் இரட்டையர்களும் இதையே சொன்னார்கள். ஒரு குழந்தையில் உருவான செல் நஞ்சுக்கொடி வழியாக மற்றதற்கும் போய்விடும். ஆனாலும் ஒருவருக்கு இந்த நோய் வந்தால் மற்றவருக்கு வருவது பத்துப் பதினைந்து சதவீதம்தான். ஆக இரண்டாவது அடி பிறந்த பிறகு விழுகிறது.

இதைவிட முக்கியம், ஆரோக்கியமான குழந்தைகளின் கணக்கு. தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதித்த 2002 ஆய்வு, பிறக்கும் குழந்தைகளில் சுமார் 1 சதவீதத்தினரிடம் இந்த ஒட்டு இருப்பதாகச் சொன்னது. 2018இல் நுட்பமான முறையில் சோதித்தபோது 5 சதவீதம் என்று வந்தது. அப்படியானால் முதல் அடி வாங்கிய 100 முதல் 500 குழந்தைகளில் ஒருவருக்குத்தான் நோய் வருகிறது. கர்ப்பத்தில் என்ன நடந்தது என்பது மட்டும் விடையாக இருக்க முடியாது. "வாழ்நாள் உணவு" என்று மொத்தமாகக் கூட்டிக் கேட்கும் ஆய்வு, இரு வேறு காலத்தில் நடக்கும் இரு வேறு நிகழ்வுகளைப் போட்டுக் குழப்புகிறது.

இரண்டாவது அடிக்குக் கிரீவ்ஸ் காட்டும் காரணம் தொற்று. முதல் வருடத்தில் சாதாரணச் சளி, காய்ச்சல்களைச் சந்தித்துப் பழகாத நோயெதிர்ப்பு, பின்னால் ஒரு தொற்று வரும்போது அளவு மீறிக் கொந்தளிக்கிறது என்கிறார். சிறு வயதிலேயே பிற குழந்தைகளோடு காப்பகத்தில் இருந்தவர்களுக்கு அபாயம் குறைவு. 2010இன் தொகுப்பாய்வில் 24 சதவீதம். ஆறு மாதமோ அதற்கு மேலோ தாய்ப்பால் குடித்தவர்களுக்கு, 18 ஆய்வுகளைத் தொகுத்த 2015 கணக்கில், 19 சதவீதம் குறைவு. வலி எடுப்பதற்கு முன்பே செய்த சிசேரியனில் ஏ.எல்.எல். 23 சதவீதம் அதிகம் என்று 2016இல் வந்தது.

தமிழ்நாட்டில் ஏறக்குறைய 45 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன் என்பதால் கடைசி எண் பலரைக் கலக்கும். போட்டுப் பாருங்கள்: 10,000 குழந்தைகளில் 5 பேருக்கு வரும் நோய் 23 சதவீதம் கூடினால் 6 பேர். இது காரணமா, சிசேரியனுக்கு இட்டுச் சென்ற வேறு ஏதோ காரணமா என்பதும் முடிவாகவில்லை. மருத்துவக் காரணத்தோடு செய்த அறுவைக்காக எந்தத் தாயும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நல்ல நாள், நட்சத்திரம் பார்த்துக் கத்தி வைக்கும் வழக்கம் வேறு கதை. அதை எதிர்க்கப் புற்றுநோயைக் கூப்பிட வேண்டிய அவசியம்கூட இல்லை.

சூழலும் உணவும் சேர்ந்து குழந்தைகளுக்குப் புற்றுநோய் தந்தது ஐயமின்றி நிரூபணமான இடம் ஒன்று உண்டு: செர்னோபில். 1986 ஏப்ரல் 26 விபத்தில் வெளியேறிய அயோடின்-131 பெலாரஸ், உக்ரைன், மேற்கு ரஷ்யப் புல்வெளிகளில் படிந்தது. பசு மேய்ந்தது, பால் கறந்தது, குழந்தை குடித்தது. தைராய்டு சுரப்பிக்கு நல்ல அயோடின், கதிரியக்க அயோடின் என்ற பேதம் தெரியாது. கைக்குழந்தையின் தைராய்டு ஒன்றிரண்டு கிராம், பெரியவருடையது 20 கிராம் அளவில். ஒரே அளவு அயோடின் உள்ளே போனாலும் குழந்தையின் சுரப்பி வாங்கும் கதிர்வீச்சு பல மடங்கு. போதாக்குறைக்கு அந்த வட்டாரமே அயோடின் பற்றாக்குறைப் பகுதி. பசியோடிருந்த சுரப்பி கிடைத்ததை அள்ளிக்கொண்டது.

1992இல் பெலாரஸ் மருத்துவர்கள் நேச்சர் இதழில் குழந்தைகளின் தைராய்டுப் புற்றுநோய் பெருகுவதைச் சொன்னபோது பலர் தயங்கினார்கள். நான்கு வருடத்திலேயே வருமா? ஊரெல்லாம் கழுத்தை ஸ்கேன் செய்தால் இல்லாத கட்டியும் தெரியாதா? ஜப்பானியக் குழு ஒன்று கோமெல் பகுதியில் செய்த சோதனை இதற்கு முடிவு கட்டியது. ஒரே கருவி, ஒரே முறை. விபத்துக்கு முன் பிறந்த 9,720 குழந்தைகளில் 31 பேருக்குப் புற்றுநோய். விபத்தின்போது கருவில் இருந்த 2,409 பேரில் ஒருவர். 1987 முதல் 1989 வரை பிறந்த 9,472 பேரில் ஒருவர்கூட இல்லை. ஸ்கேன் செய்வதுதான் காரணம் என்றால் கடைசிக் குழுவிலும் சிலராவது சிக்கியிருக்க வேண்டும். அயோடின்-131இன் அரை ஆயுள் 8 நாள். 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். 1987இல் பிறந்த குழந்தையின் பாலில் அது இல்லை.

2005இல் 276 நோயாளிகளையும் 1,300 ஒப்பீட்டுக் குழந்தைகளையும் வைத்து நடந்த ஆய்வு உணவின் பங்கை எண்ணாக்கியது: அயோடின் குறைந்த மண்ணில் வாழ்ந்தவர்களுக்கு அதே கதிர்வீச்சில் அபாயம் மூன்று மடங்கு, பொட்டாசியம் அயோடைடு எடுத்துக்கொண்டவர்களுக்கு மூன்றில் ஒன்று. போலந்து விபத்துக்குப் பிறகு மூன்றாம் நாளிலிருந்து சுமார் ஒரு கோடிக் குழந்தைகளுக்கு அயோடின் மருந்து கொடுத்தது. குழந்தைகளுக்குப் புதுப் பாலை நிறுத்திப் பால்பவுடருக்கு மாற்றியது. கல்பாக்கம், கூடங்குளம் பக்கம் இருப்பவர்களுக்காக ஒரு கணக்கு: அவசரத்தில் பெரியவருக்குத் தேவைப்படும் அயோடின் 100 மில்லிகிராம். அயோடின் உப்பில் கிலோவுக்கு 15 மில்லிகிராம்தான் இருக்கும். உப்பால் ஈடுகட்ட ஆறேழு கிலோ தின்ன வேண்டும். ஆனால் அன்றாடம் அயோடின் உப்பு சாப்பிட்ட குழந்தையின் சுரப்பி பசியோடிருக்காது. அதன் பயன் அங்கேதான்.

அணு உலை என்றதும், அணு மின் நிலையங்களுக்கு அருகே வாழும் குழந்தைகளின் புற்றுநோயைக் கணக்கிட்ட ஜெர்மனியின் கிக் ஆய்வு நினைவுக்கு வரும். 16 மின் நிலையங்கள், 1980 முதல் 2003 வரை, ஐந்து வயதுக்குட்பட்ட 593 லுக்கேமியா நோயாளிகள். 5 கிலோமீட்டருக்குள் 37 பேர். எதிர்பார்த்தது 17. அங்கே பதிவான கதிர்வீச்சோ இந்த அபாயத்தை விளக்கத் தேவையானதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. எண் உண்மை, காரணம் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்லாதவர், எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், பாதியைத்தான் சொல்கிறார்.

"எங்க ஊர்ல ஒரே வருஷத்துல நாலு குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய்" என்பது அடிக்கடி வரும் செய்தி. 20,000 குழந்தைகள் உள்ள ஊர் என்று வைத்துக்கொள்வோம். லட்சத்துக்கு 4 பேர் வீதம் வருடத்துக்கு 0.8 நோயாளி வரவேண்டும். வெறும் தற்செயலால் நாலு அல்லது அதற்கு மேல் வர வாய்ப்பு 0.9 சதவீதம். அதே அளவில் 500 ஊர்கள் இருந்தால், எந்த நஞ்சும் இல்லாமலே ஒவ்வொரு வருடமும் நாலைந்து ஊர்களில் இந்தச் செய்தி வரும். அமெரிக்காவில் இருபது ஆண்டுகளில் நடந்த 428 புற்றுநோய்க் குவியல் விசாரணைகளை 2012இல் தொகுத்துப் பார்த்தபோது, தெளிவான காரணம் நிறுவப்பட்டது ஒன்றே ஒன்றில். ஊர்மக்கள் புகார் செய்யக் கூடாது என்பதில்லை. விசாரணை உருப்பட வேண்டுமானால் நோயின் வகை ஒன்றா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு லுக்கேமியா, ஒரு எலும்புக் கட்டி, ஒரு கண் கட்டி என்றால் அது குவியலே அல்ல.

வீட்டுக்குள் அடிக்கும் பூச்சி மருந்தில் சான்று ஓரளவு கனமானது. 16 ஆய்வுகளைத் தொகுத்த 2015 கணக்கில், உட்புறப் பூச்சிக்கொல்லி இருந்த வீட்டுக் குழந்தைகளிடம் லுக்கேமியா 47 சதவீதம் அதிகம். பெரும்பாலும் ஞாபகம் சார்ந்தவை என்பதால் கலிஃபோர்னியாக் குழு வேறொன்று செய்தது: வீட்டுக் கம்பளத்தின் தூசியை வேக்வம் கிளீனரால் உறிஞ்சி, சலித்து, வேதிப்பொருள்களை அளந்தது. வெயிலும் மழையும் படாத கம்பள இழைகளுக்குள் பழைய ரசாயனம் வருடக்கணக்கில் சிதையாமல் கிடக்கும். பி.சி.பி. எனும், முன்பு மின்கருவிகளில் பயன்பட்ட ரசாயன வகை தூசியில் தென்பட்ட வீடுகளில் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று 2009இல் எழுதினார்கள். நல்ல உத்தி, ஆனால் தினமும் பெருக்கித் துடைக்கும் நம் டைல்ஸ் தரையில் செல்லாது. இங்கே வேறு மாதிரியை யோசிக்க வேண்டும். அது வரும்வரை, கர்ப்பிணியும் கைக்குழந்தையும் இருக்கும் அறையில் ஸ்ப்ரேயைத் தவிர்த்துக் கொசுவலையைக் கட்டுவதில் நஷ்டமில்லை. புகையிலையில் இந்த "அது வரும்வரை" தேவையில்லை: பெற்றோர் புகைப்பது குழந்தைகளின் ஹெப்பட்டோபிளாஸ்டோமா எனும் ஈரல் கட்டிக்குக் காரணம் என்பதற்குச் சான்று போதுமானது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை முடிவு சொல்லிவிட்டது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் ஹெப்படைட்டிஸ் பி ஊசி ஈரல் புற்றுநோயைத் தடுக்கும் என்பதற்கான சான்றும் அப்படி உறுதியானதுதான். 1984இல் அதைத் தொடங்கிய தைவானில், 6 முதல் 14 வயதினரின் ஈரல் புற்றுநோய் லட்சத்துக்கு 0.70இலிருந்து 0.36 ஆகப் பத்தே ஆண்டில் இறங்கியது.

உணவில் மிச்சம் இருப்பவற்றில் காபியைச் சுருக்கமாகச் சொல்லலாம். பல நாட்டுத் தரவைச் சேர்த்த 2018 ஆய்வில், கர்ப்பத்தில் ஒரு நாளைக்கு இரண்டு கோப்பைக்கு மேல் குடித்தால் ஏ.எல்.எல். 27 சதவீதம் அதிகம், டீக்கு ஒன்றுமில்லை. ஃபோலேட் எனும் வைட்டமினின் மாத்திரை வடிவமான ஃபோலிக் அமிலத்தின் கதை நீளமானது. 2001இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் 83 நோயாளிகளை வைத்து, கர்ப்பத்தில் இரும்பு-ஃபோலேட் எடுத்தவர்களின் குழந்தைகளுக்கு ஏ.எல்.எல். 60 சதவீதம் குறைவு என்றார்கள். அடுத்தடுத்த ஆய்வுகளில் அந்த அளவு நிற்கவில்லை. 2014இல் சுமார் 7,000 நோயாளிகளைச் சேர்த்தபோது 20 சதவீதத்தில் வந்து நின்றது. சிறிய ஆய்வு பெரிய எண்ணோடு வரும், பெரிய ஆய்வு சிறிய எண்ணோடு வரும். இந்தத் துறையில் இதுவே வாடிக்கை. ஞாபகம் குறுக்கிடாத சான்றும் ஒன்று உண்டு: கனடா 1998இல் மாவில் ஃபோலிக் அமிலம் சேர்ப்பதைக் கட்டாயமாக்கிய பிறகு ஒன்டாரியோவில் நியூரோபிளாஸ்டோமா எனும் நரம்புத் திசுக் கட்டி 10,000 பிறப்புக்கு 1.57இலிருந்து 0.62 ஆனது. அதே காலத்தில் வேறு எதுவும் மாறவில்லையா என்ற கேள்வி இதில் எப்போதும் இருக்கும். நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. இரத்தசோகைக்காக அதை எப்படியும் விழுங்கத்தான் வேண்டும்.

ஆனால் இதே வைட்டமின் பிறப்புக்குப் பிறகு கட்சி மாறும். 1940களில் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் லுக்கேமியாக் குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்துப் பார்த்தபோது நோய் வேகமெடுத்தது போலத் தெரிந்தது. அப்படியென்றால் ஃபோலேட்டைத் தடுத்தால்? லெடர்லே ஆய்வகத்தில் எல்லாப்பிரகடா சுப்பாராவ் குழு, ஃபோலேட்டைப் போலவே தோற்றம் காட்டி அதன் வேலையைக் கெடுக்கும் சேர்மங்களைச் செய்து தந்தது. பீமவரத்தில் பிறந்து மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர் சுப்பாராவ். அமினோப்டெரின் கொடுத்த 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது என்று ஃபார்பர் 1948இல் எழுதினார். அதன் தம்பிதான் மெத்தோட்ரெக்சேட். இன்றும் ஏ.எல்.எல். குழந்தைகள் பராமரிப்புக் கட்டத்தில் வாரம் ஒருமுறை விழுங்குவது அதைத்தான்.

எனவே சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்கு "உடம்பு தேறட்டும்" என்று கடையில் வாங்கிய மல்டிவைட்டமின் டானிக்கைக் கொடுக்குமுன் பாட்டிலைத் திருப்பி ஃபோலிக் அமிலம் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாட்டிலையே புற்றுநோய் மருத்துவரிடம் எடுத்துப் போய்க் காட்டுங்கள். கீரையிலும் பருப்பிலும் இயல்பாக இருக்கும் ஃபோலேட்டுக்காக அவற்றை நிறுத்த வேண்டியதில்லை. எடை இறங்கிய குழந்தைக்கு மருந்தின் பக்கவிளைவும் தொற்றும் கூடுதலாகத் தாக்கும் என்பதால் பருப்பு, முட்டை, நன்றாகக் காய்ச்சிய பால், அப்போதே சமைத்த சோறு எல்லாம் வேண்டும். வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் வெட்டி வைத்த பழம், தள்ளுவண்டிச் சட்னி, நேற்றைய சாம்பார் மட்டும் வேண்டாம்.